பக்கத்தில் இருப்பதைத் தேட எந்த இண்டெக்ஸ்? ஆர்-ட்ரீ, ஜியோஹாஷ், எஸ்2, எச்3

திருச்சியில் மூன்று நண்பர்கள் சேர்ந்து ஒரு செயலி எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அதற்கு மூன்று வேலைகள். ராத்திரி பதினொரு மணிக்கு மேல் திறந்திருக்கும் மருந்துக்கடை பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று காட்ட வேண்டும். பக்கத்தில் ஓடும் ஆட்டோவைக் கூப்பிட வேண்டும். எந்தப் பகுதியில் எந்த நேரத்தில் ஆட்டோ கிடைக்காமல் மக்கள் நிற்கிறார்கள் என்று வரைபடத்தில் பார்க்க வேண்டும். "ஆர்-ட்ரீ நல்லதா, ஜியோஹாஷா, எஸ்2-வா, எச்3-யா? ஒன்றைச் சொல்லுங்க அண்ணா, அதையே எல்லாத்துக்கும் வெச்சுடறோம்" என்று கேட்டார்கள். அந்த ஒன்றை என்னால் சொல்ல முடியவில்லை. ஏன் என்று அவர்களுக்கு விளக்கியதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

இண்டெக்ஸ் என்பது, எல்லாத் தகவலையும் புரட்டாமல் வேண்டியதை நேராக எடுக்க டேட்டாபேஸ் வைத்துக்கொள்ளும் அடைவு. அவர்கள் கேட்ட நான்கும் இடத்தைத் தேடுவதற்கான வழிகள். முதலில், சாதாரண இண்டெக்ஸ் ஏன் போதாது? எல்லா டேட்டாபேஸிலும் இருக்கும் பி-ட்ரீ, ஒரே வரிசையில் அடுக்கக்கூடிய விஷயங்களுக்கானது. பெயர், தேதி, தொகை எல்லாவற்றையும் அப்படி அடுக்கலாம். இடத்தை அப்படி அடுக்க முடியாது. அட்சரேகைக்கு ஒரு இண்டெக்ஸ் போட்டு, 10.78-க்கும் 10.82-க்கும் இடையில் இருப்பதைக் கொடு என்று கேட்டால், திருச்சி மட்டும் வராது. மேற்கே பாலக்காட்டில் தொடங்கி தஞ்சாவூர் வரைக்கும் போகும் ஒரு நீளமான பட்டை முழுவதும் வந்து நிற்கும். தீர்க்கரேகைக்கு இன்னொரு இண்டெக்ஸ் போட்டால், வடக்கு தெற்காக இன்னொரு பட்டை. இரண்டு பெரிய பட்டைகளை எடுத்து, அவை வெட்டிக்கொள்ளும் சின்னச் சதுரத்தைக் கண்டுபிடிக்கத்தான் டேட்டாபேஸ் இவ்வளவு உழைக்கிறது. இந்த வீண் உழைப்பைத் தவிர்க்கத்தான் நான்கு வழிகளும் வந்தன.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். உங்களிடம் மொத்தமே ஐந்நூறு கடைகள்தான் என்றால் எதுவும் வேண்டாம். எல்லாவற்றையும் மெமரியில் வைத்து ஒவ்வொன்றுக்கும் தூரம் கணக்கிட்டாலே கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். இண்டெக்ஸ் பற்றி யோசிப்பதற்கு முன் எண்ணிக்கையைப் பாருங்கள்.

ஆர்-ட்ரீ

1984-ல் ஆன்டனின் கட்மன், பெர்க்லியில் இருந்தபோது வெளியிட்ட கட்டுரையில் ஆர்-ட்ரீ அறிமுகமானது. பலருக்குத் தெரியாத ஒரு சங்கதி: அது வரைபடத்துக்காக மட்டும் பிறந்த ஒன்றில்லை. கணினியில் வடிவமைக்கும் சிப்புகளும் அவர் மனத்தில் இருந்தன. அந்தக் கட்டுரையின் சோதனைகளுக்கு அவர் எடுத்துக்கொண்டது ஊர்களின் பட்டியலை அல்ல. ரிஸ்க்-2 என்ற சிப்பின் வரைவிலிருந்து எடுத்த 1057 செவ்வகங்களை. யோசித்துப் பார்த்தால் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஒரு சிப்பில் இந்தக் கம்பிக்குப் பக்கத்தில் வேறு எந்தக் கம்பி ஓடுகிறது என்று கேட்பதும், இந்தத் தெருவுக்குப் பக்கத்தில் எந்த மருந்துக்கடை என்று கேட்பதும் ஒரே கேள்வி. அளவுதான் மைக்ரானிலிருந்து கிலோமீட்டருக்கு மாறுகிறது.

அதன் வேலை எளிமையானது. பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் பொருள்களைச் சுற்றி ஒரு செவ்வகப் பெட்டி போடு. அந்தப் பெட்டிகளில் பக்கத்தில் இருப்பவற்றைச் சேர்த்து அதைவிடப் பெரிய பெட்டி போடு. இப்படியே மேலே போனால் ஒரு மரம் கிடைக்கும். தேடும்போது உச்சியிலிருந்து இறங்கி, நாம் கேட்கும் இடத்தைத் தொடாத பெட்டிகளைத் திறக்காமலே தாண்டிவிடலாம். மிக அருகில் இருக்கும் ஐந்து கடை என்று கேட்டால், எந்தப் பெட்டியின் விளிம்பு நமக்கு அருகில் இருக்கிறதோ அதை முதலில் திறக்கும். இதுவரை கிடைத்த ஐந்தாவது கடையைவிட அடுத்த பெட்டியின் விளிம்பே தூரத்தில் இருந்தால் அங்கேயே நிறுத்திவிடும். ஆரம் எவ்வளவு என்று நாம் ஊகிக்கவே வேண்டாம். நகர நடுவில் ஐந்து கடை அரைக் கிலோமீட்டருக்குள் கிடைக்கலாம், மணப்பாறைப் பக்கம் பத்துக் கிலோமீட்டர் போக வேண்டியிருக்கலாம். இரண்டுக்கும் ஒரே குவெரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) போதும். மற்ற மூன்று வழிகளிலும் இவ்வளவு இயல்பாக இது அமையாது. எனக்கு ஆர்-ட்ரீயில் மிகவும் பிடித்தது இதுதான்.

பெட்டிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்வதுதான் அதன் பலவீனம். ஏறிக்கொண்டால் இரண்டையும் திறந்து பார்க்க வேண்டும். 1990-ல் வந்த ஆர்-ஸ்டார் மரம், பெட்டிகளைப் பிரிக்கும் முறையைத் திருத்தி இதைக் குறைத்தது. எஸ்கியூலைட் என்ற சின்ன டேட்டாபேஸில் இருப்பது அந்த வகைதான். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸில் ஜிஸ்ட் என்ற பொதுவான அமைப்பின் மேல் ஆர்-ட்ரீ ஓடுகிறது. 2001-ல் கனடாவில் தொடங்கிய போஸ்ட்ஜிஐஎஸ், அதாவது போஸ்ட்கிரெஸ்ஸில் இடங்களைக் கையாள உதவும் இணைப்பு, அதைத்தான் பயன்படுத்துகிறது.

போஸ்ட்ஜிஐஎஸ் போடுபவர்கள் அடிக்கடி விழும் மூன்று குழிகள் உண்டு. நானும் விழுந்திருக்கிறேன். ஒன்று, தூரத்தைக் கணக்கிடும் எஸ்டி_டிஸ்டன்ஸ் 2000 மீட்டருக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை எழுதுவது. அப்படி எழுதினால் இண்டெக்ஸ் தொடப்படவே படாது. எல்லாக் கடைகளுக்கும் தூரம் கணக்காகும். 'இந்தத் தூரத்துக்குள் இருக்கிறதா' என்று கேட்கும் எஸ்டி_டிவிதினை எழுத வேண்டும். இரண்டு, தூரத்தை டிகிரியில் வைத்துக்கொள்வது. திருச்சியில் தீர்க்கரேகையில் ஒரு டிகிரி ஏறக்குறைய 109 கிலோமீட்டர், அட்சரேகையில் 110 கிலோமீட்டருக்குச் சற்று மேல். இரண்டும் கிட்டத்தட்ட சமமாக இருப்பதால் நம் ஊரில் தவறு வெளியே தெரியாது. அதே நிரல் வடக்கே பின்லாந்தின் ஹெல்சின்கிக்குப் போனால், அங்கே தீர்க்கரேகை டிகிரி இதில் பாதிதான் இருக்கும், தேடும் வட்டம் நசுங்கிவிடும். பூமியின் வளைவையும் கணக்கில் எடுக்கும் ஜியோகிரஃபி வகையில் இடத்தை வைத்தால் எல்லாம் மீட்டரிலேயே நடக்கும். மூன்றாவது குழி, எண்களை இடம் மாற்றிப் போடுவது. போஸ்ட்ஜிஐஎஸ் முதலில் தீர்க்கரேகையைக் கேட்கும். நாம் பேச்சுவழக்கில் அட்சரேகையை முதலில் சொல்வோம். மாற்றிப் போட்டால் திருச்சிக் கடையெல்லாம் 78 டிகிரி வடக்கில், ஆர்க்டிக் கடலில் இருக்கும் ஸ்வால்பார்ட் தீவுகளின் மேற்குக் கரையோரம் போய் உட்கார்ந்துவிடும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. பக்கத்தில் கடை இல்லை என்று மட்டும் வரும். மருந்துக்கு அலையும் ஒருவருக்கு அந்தப் பதில் போய்ச் சேர்வதை நினைத்தால் எனக்கு மனம் கேட்பதில்லை.

ஆட்டோக்களுக்கு ஆர்-ட்ரீ சரிவருமா? கடை நகராது. ஆட்டோ நகரும். நண்பர்கள் போட்ட திட்டப்படி 2000 ஆட்டோ, ஒவ்வொன்றும் 5 வினாடிக்கு ஒரு முறை தன் இடத்தைச் சொல்லும். வினாடிக்கு 400 மாற்றம். பத்து மணி நேரத்தில் 1 கோடியே 44 லட்சம். போஸ்ட்கிரெஸ் ஒரு வரியை மாற்றும்போது பழையதை அழித்து எழுதுவதில்லை. புதிய வரி ஒன்றை எழுதிவிட்டு, பழையதைப் பின்னால் வேக்வம் என்ற துப்புரவு வேலை வந்து கூட்டட்டும் என்று விட்டுவிடும். இண்டெக்ஸ் போட்ட இடமே மாறுவதால் ஒவ்வொரு முறையும் இண்டெக்ஸிலும் புதிய பதிவு ஏறும். நல்ல சர்வர் இதைத் தாங்கும்தான். ஆனால் அட்டவணை ஊதிக்கொண்டே போகும், வேக்வத்தைக் கவனித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும்.

ஜியோஹாஷ்

2008-ல் பிரேசில்காரரான குஸ்தாவோ நீமெயர் கொண்டுவந்தது. உலகத்தைப் பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போகும்: தீர்க்கரேகையில் ஒரு வெட்டு, அட்சரேகையில் ஒரு வெட்டு, மறுபடி தீர்க்கரேகை. ஒவ்வொரு வெட்டிலும் எந்தப் பக்கம் என்பது ஒரு பிட் (0 அல்லது 1). ஐந்து பிட்டுக்கு ஒரு எழுத்து. இப்படி பிட்டுகளை மாற்றி மாற்றிப் பின்னும் யோசனை 1966-லேயே ஐபிஎம்மில் மார்ட்டன் எழுதியதுதான். ஆறு எழுத்துக்கு வந்தால் திருச்சியில் கட்டம் கிழக்கு மேற்காக 1.2 கிலோமீட்டர், வடக்கு தெற்காக 600 மீட்டர்.

நம் பின்கோடு மாதிரி என்று இதைச் சொல்வார்கள். 620 என்று தொடங்கினால் திருச்சி என்று தெரிகிற மாதிரி, முதல் எழுத்துகள் ஒன்றாக இருந்தால் இரண்டு இடமும் பக்கத்தில். இடம் இப்போது வெறும் எழுத்துச் சரம் ஆகிவிட்டதால் பழைய பி-ட்ரீயே போதும். எந்த டேட்டாபேஸிலும் வேலை செய்யும். கவர்ச்சியான யோசனைதான்.

ஆனால் பின்கோட்டின் எல்லைகளைத் தபால்காரரின் வழித்தடம் பார்த்து மனிதர்கள் போட்டார்கள். ஜியோஹாஷின் கோடு ஊரைப் பார்த்துப் போவதில்லை. தமிழ்நாட்டை வெட்டும் பெரிய கோடுகள் இரண்டு: 78.75 டிகிரி தீர்க்கரேகையும், 11.25 டிகிரி அட்சரேகையும். இரண்டும் துறையூர், பெரம்பலூர் பக்கம் வெட்டிக்கொள்கின்றன. அதனால் சேலம் 'டிடி' (td), சென்னை 'டிஎஃப்' (tf), மதுரை 'டி9' (t9), தஞ்சாவூர் 'டிசி' (tc) என்று நான்காகப் பிரிகிறது. 78.75 கோடு திருச்சிக்குக் கிழக்கே, நகரத்துக்கும் துவாக்குடிக்கும் நடுவில் இறங்குகிறது. மலைக்கோட்டையின் ஜியோஹாஷ் 'டி9' என்று தொடங்கும். அங்கிருந்து சுமார் 15 கிலோமீட்டரில் இருக்கும் என்ஐடி வளாகத்தின் ஜியோஹாஷ் 'டிசி' என்று தொடங்கும். முதல் எழுத்து மட்டும்தான் பொது. அதே நேரம் கடல் தாண்டி இருக்கும் கொழும்பும் 'டிசி'தான். எழுத்து ஒற்றுமையை மட்டும் நம்பினால், மலைக்கோட்டையைவிடக் கொழும்பு என்ஐடிக்குப் பக்கம் என்று ஆகிவிடும். கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கும் பயணிக்கு, அந்தப் பக்கம் ஐம்பது மீட்டரில் நிற்கும் ஆட்டோ தெரியாது.

இதற்குத் தீர்வு உண்டு. நம் கட்டத்தோடு சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களையும் தேடி, பிறகு உண்மையான தூரத்தைக் கணக்கிட்டு வடிகட்ட வேண்டும். கையால் எழுதினால் மறந்துபோகும் இந்த வேலையை ரெடிஸ் என்ற டேட்டாபேஸ் தானே செய்துகொள்கிறது. 2016-ல் வந்த 3.2 பதிப்பிலிருந்து ரெடிஸில் இடக் கட்டளைகள் இருக்கின்றன. உள்ளே நடப்பது ஜியோஹாஷ்தான்: 52 பிட் எண்ணாக்கி, வரிசைப்படுத்திய தொகுப்பில் வைத்துக்கொள்கிறது. எல்லாமே மெமரியில். ஆட்டோ நகர்ந்தால் பழைய எண் போய்ப் புதிய எண் வரும், குப்பை சேராது. வினாடிக்கு 400 மாற்றம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. பூமியை முழு உருண்டையாக எடுத்துக்கொள்வதால் தூரத்தில் அரை சதவீதம் வரை பிசகலாம்; ஆட்டோவுக்கு அது பரவாயில்லை.

ஒரு எச்சரிக்கை மட்டும். அந்தத் தொகுப்பில் ஒரு தனி உறுப்புக்குக் காலாவதி வைக்க முடியாது. ஓட்டுநர் ஃபோனை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும், கடைசியாக நின்ற இடத்திலேயே அவருடைய ஆட்டோ பட்டியலில் நிற்கும். கடைசியாகச் சேதி வந்த நேரத்தை இன்னொரு தொகுப்பில் வைத்து, அரை நிமிடத்துக்கு மேல் சத்தம் இல்லாதவர்களை நீக்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

எஸ்2

கூகுளிலிருந்து வந்தது. உருண்டையான பூமியை ஒரு கனசதுரத்தின் ஆறு முகங்கள் மேல் படியவைத்து, ஒவ்வொரு முகத்தையும் நான்கு நான்காக 30 நிலை வரை பிரிக்கும். கடைசி நிலையில் ஒரு கட்டம் ஒரு சதுர சென்டிமீட்டர் அளவுதான். ஒவ்வொரு கட்டத்துக்கும் 64 பிட்டில் ஒரு எண். அந்த எண்களைப் போடும் வரிசையில்தான் அழகு இருக்கிறது. டேவிட் ஹில்பர்ட் 1891-ல் விவரித்த வளைகோடு அது. சிக்குக் கோலத்தில் கையை எடுக்காமல் எல்லாப் புள்ளியையும் சுற்றி வருகிற இழை மாதிரி, தாண்டிக் குதிக்காமல் எல்லாக் கட்டத்தையும் தொட்டுக்கொண்டு போகும். ஜியோஹாஷின் வரிசை ஒரு மூலை முடிந்ததும் எங்கேயோ போய்க் குதிக்கும், இது குதிக்காது. ஆனாலும் பக்கத்துப் பக்கத்து இடங்கள் சில, எண்ணில் தள்ளிப் போவதை எந்த வளைகோட்டாலும் முழுமையாகத் தவிர்க்க முடியாது.

எஸ்2 நன்றாகச் செய்வது பரப்பைக் கையாளும் வேலை. ஒரு மாநகராட்சி எல்லையைக் கொடுத்தால், நடுவில் பெரிய கட்டங்கள், ஓரத்தில் சின்னக் கட்டங்கள் என்று இருபது முப்பதில் மூடிவிடும். பெரிய கட்டத்துக்குள் இருக்கும் எல்லாச் சின்னக் கட்டங்களின் எண்களும் இடைவெளி இல்லாமல் தொடர்ச்சியாக இருப்பதால், 'இந்த எண்ணிலிருந்து அந்த எண் வரை' என்ற எளிய தேடல் போதும். எண் வரிசையைத் தவிர வேறு எதுவும் தெரியாத, பல சர்வர்களில் பரவிக் கிடக்கும் டேட்டாபேஸ்களில் இது பெரிய உதவி. மோங்கோடிபி என்ற டேட்டாபேஸின் 2டிஸ்பியர் இண்டெக்ஸும் எஸ்2 மேல்தான் நிற்கிறது. அதைப் பயன்படுத்துபவர்கள் தெரியாமலேயே இந்த முடிவை எடுத்துவிட்டார்கள். திருச்சி நண்பர்களுக்கு ஒரு சர்வர் போதும். அவர்களுக்கு எஸ்2 இப்போது தேவைப்படாது.

எச்3

ஊபர் 2018-ல் திறந்த மூலமாக வெளியிட்டது. இருபது முகம் கொண்ட திண்மத்தின் மேல் பூமியைப் பதித்து, அறுகோணங்களால் நிரப்பியது. உருண்டையை அறுகோணங்களால் மட்டும் மூட முடியாது என்பதால் ஒவ்வொரு நிலையிலும் 12 ஐங்கோணங்கள் வரும்; அவற்றைக் கடலில் விழும்படி வைத்துவிட்டார்கள்.

அறுகோணம் எதற்கு? சதுரக் கட்டத்துக்கு எட்டு அண்டை வீடுகள். அதில் நான்கு பக்கத்தில், மூலையில் இருக்கும் நான்கு 1.4 மடங்கு தள்ளி. அறுகோணத்துக்கு ஆறு அண்டை, ஆறும் ஒரே தூரம். எட்டாம் நிலையில் ஒரு கட்டம் சராசரியாக 0.74 சதுர கிலோமீட்டர். சுமார் 167 சதுர கிலோமீட்டர் திருச்சி மாநகராட்சி ஏறத்தாழ 230 கட்டங்களில் அடங்கிவிடும். ஒவ்வொரு ஆட்டோ கோரிக்கைக்கும் எச்3 எண்ணை டேட்டாபேஸ் அட்டவணையில் ஒரு பத்தியில் (column) எழுதி வைத்துவிட்டால், அப்புறம் நேரமும் கட்டமும் வைத்துக் குழு பிரித்து எண்ணினால் போதும். காலை எட்டு மணிக்கு எந்தக் கட்டத்தில் கோரிக்கை அதிகம், ஆட்டோ குறைவு என்று படமாகவே தெரிந்துவிடும். மூன்றாவது வேலைக்கு இதைவிடப் பொருத்தமானது எதுவும் இல்லை என்று துணிந்து சொல்வேன். தாலுகா எல்லையோ வார்டு எல்லையோ வைத்து எண்ணினால், பெரிய வார்டு எப்போதும் நெரிசலானதாகத் தெரியும். சம அளவுக் கட்டத்தில் அந்த மயக்கம் இருக்காது.

எச்3-இன் குறை, பெரிய அறுகோணத்துக்குள் ஏழு சின்ன அறுகோணங்கள் கச்சிதமாக உட்காராது என்பது. ஓரம் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொள்ளும். எண்ணிப் பார்க்க அது பொருட்டில்லை. 'இந்த எல்லைக்குள் இருக்கிறதா, இல்லையா' என்று கறாராகக் கேட்க இது சரிப்படாது.

ஆறு குறுக்கே ஓடுகிறது

நான்கு வழிக்கும் பொதுவான ஒன்று இருக்கிறது. நான்கும் நேர்கோட்டுத் தூரத்தைத்தான் அறியும். ஸ்ரீரங்கம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கும் தீவு. அம்மா மண்டபப் படித்துறையில் நிற்பவருக்கு எதிர்க்கரையில், சிந்தாமணிப் பக்கம் ஓர் ஆட்டோ நின்றால், எந்த இண்டெக்ஸும் அதைத்தான் முதலில் கொடுக்கும். அது பாலம் சுற்றித்தான் வர வேண்டும். 2022 இறுதியிலும் 2023 தொடக்கத்திலும் காவிரிப் பாலம் பழுதுபார்ப்புக்காக மூடியிருந்த மாதங்களை நினைத்துப் பாருங்கள். அப்போது எதிர்க்கரை ஆட்டோ இன்னும் எவ்வளவு தூரம் சுற்றியிருக்கும்!

ஆக, இண்டெக்ஸ் கொடுப்பது உத்தேசப் பட்டியல்தான். இருபது ஆட்டோவை வாங்கிக்கொண்டு, அந்த இருபதுக்கு மட்டும் சாலைத் தூரம் கணக்கிட வேண்டும். யாரும் பயன்படுத்தக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தின் சாலைகளை வைத்து ஓஎஸ்ஆர்எம் போன்ற நிரல்கள் இதை மில்லி வினாடிகளில் செய்கின்றன. முக்கியச் சந்திப்புகளுக்கு இடையே குறுக்குவழிகளை முன்கூட்டியே கணக்கிட்டு வைத்துக்கொள்ளும் முறை 2008-ல் கார்ல்ஸ்ரூவே ஆய்வாளர்களிடமிருந்து வந்தது. அந்த வேகம் அதனால்தான். நான்கு இண்டெக்ஸில் எது வேகம் என்று ஒரு வாரம் வாதாடுவதைவிட, இந்த ஒரு படியைச் சேர்ப்பது பயணிக்கு அதிகம் உதவும்.

நான் சொன்னது

மருந்துக்கடைக்கு போஸ்ட்ஜிஐஎஸ், ஜியோகிரஃபி வகை, ஜிஸ்ட் இண்டெக்ஸ். யோசிக்கவே வேண்டாம். ராத்திரி திறந்திருக்கிறதா என்ற நிபந்தனையும் அதே குவெரியில் சேர்ந்துவிடும். தனியாக ஜியோஹாஷ் சேமித்து வைத்திருந்தால் இது இரண்டு இடத்தில் பிரிந்து தொல்லை கொடுக்கும்.

கோரிக்கை வரைபடத்துக்கு அதே போஸ்ட்கிரெஸ் அட்டவணையில் எச்3 எண்ணுக்கு ஒரு பத்தி. எட்டாம் நிலைக்கு ஒன்று, ஒன்பதாம் நிலைக்கு ஒன்று, இரண்டையும் ஆரம்பத்திலேயே எழுதிவிடுங்கள் என்றேன்.

ஆட்டோவில்தான் கருத்து வேறுபாடு வந்தது. ரெடிஸ் வேண்டும் என்று இருவர் உறுதியாக இருந்தார்கள். 2000 ஆட்டோ வந்துவிட்டால் நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் தொடங்கும் அன்று அவர்களிடம் பதிவு செய்யப் போகிறவை ஐம்பது ஆட்டோக்கள். வினாடிக்குப் பத்து மாற்றம். அதற்காக இன்னொரு சர்வரை ஏற்றி, அது நின்றுபோனால் என்ன, இரண்டிலும் தகவல் மாறுபட்டால் என்ன என்று மூன்று பேர் ராத்தூக்கம் கெட வேண்டியதில்லை. ஆட்டோ எண், இடம், நேரம் என்ற மூன்று பத்தி மட்டும் உள்ள சின்ன அட்டவணையைத் தனியாக வைத்து, அதற்கு மட்டும் வேக்வத்தை அடிக்கடி ஓடவிட்டால் சில நூறு ஆட்டோ வரைக்கும் போஸ்ட்கிரெஸ் தாங்கும். 'பக்கத்து ஆட்டோவைக் கொடு' என்பதை ஒரே ஃபங்ஷனில் வைத்துவிட்டால், பிறகு ரெடிஸுக்கு மாறும்போது அந்த ஒரு இடத்தை மட்டும் மாற்றினால் போதும். மூன்றாமவர் தலையாட்டினார், மற்ற இருவரும் பிறகு ஒப்புக்கொண்டார்கள்.

கிளம்பும்போது சோதனைக்கு நான்கு இடங்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். 78.75 கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஐம்பது மீட்டரில் ஒன்று. அம்மா மண்டபம் ஒன்று, அதற்கு நேர் எதிர்க்கரை ஒன்று. எந்த இண்டெக்ஸுக்கு மாறினாலும் இந்த நான்கும் சரியான ஆட்டோவைக் காட்டிய பிறகுதான் வெளியிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.